உள்ளங்கைச் சோதனை

படகில் விளக்கு எரிகிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள் படகு ஒளி வாரியத்துக்குள் காலடி வைக்காதவர்கள். வாரியம் காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்து மணிக்கு மூடும். அந்த நேரத்தில் படகுத்துறையில் வெயில் பளீரென்று அடிக்கும். வெயிலில் விளக்கு எரிவது தெரியாது. இருட்டிய பிறகு வந்து பார்த்தால் தெரியும்தான். ஆனால் இருட்டிய பிறகு வாரியம் இருக்காது.

இந்தச் சிக்கலை வாரியத்தை உண்டாக்கியவர்கள் அப்போதே தீர்த்து வைத்துவிட்டார்கள். விதி பதினேழு சொல்வது இதுதான்: விளக்கின் கண்ணாடியை முதலில் ஈரத்துணியால் துடைத்து வெயில் சூட்டை நீக்க வேண்டும். பிறகு விளக்கைப் போட்டு ஐந்து நிமிடம் கழித்து, சோதனை அதிகாரி தன் வலது உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பத்து எண்ண வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் கையை எடுக்க வேண்டிய அவசியம் வந்தால் விளக்கு எரிகிறது. அவசியம் வராவிட்டால் எரியவில்லை.

இதனால் சோதனைப் பிரிவில் யார் எவ்வளவு காலம் வேலை பார்த்தவர் என்று அறியக் கோப்பைப் புரட்ட வேண்டியதில்லை. கையைத் திருப்பிப் பார்த்தால் போதும். அந்தப் பிரிவின் தலைவருக்கு உள்ளங்கையில் ரேகையே கிடையாது. எல்லாம் பழுப்பு நிறத் தழும்பு. படகுக்காரர்கள் அவரைத் 'தழும்பு சார்' என்று அழைத்தார்கள். அது கேலிப்பெயர் என்று அவருக்குத் தெரியாது. பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். மாதாமாதம் தீப்புண் படி என்று ஒரு தொகையும், களிம்பு ஒரு குப்பியும் அவருக்கு வாரியம் கொடுத்தது.

இந்த வாரியத்திடம் ஆண்டுக்கொரு முறை சான்றிதழ் வாங்க வேண்டியவர்களில் ஒருவர் சரிங்கண்ணன். பயணிப் படகு ஓட்டுகிறவர். யார் எதைச் சொன்னாலும் 'சரிங்க' என்பார். பயணச் சீட்டுக்குச் சில்லறை இல்லை என்றாலும் சரிங்க, படகு மெதுவாகப் போகிறது என்றாலும் சரிங்க. அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். அவருடைய பிழைப்பு மாலை ஆறு மணி நடையில் இருந்தது. இக்கரைத் தையல் கம்பெனியில் வேலை விட்டு வரும் முப்பது பெண்களை அக்கரைக்குக் கொண்டுபோய்விடும் நடை அது. பகலில் ஓட எந்தச் சான்றிதழும் தேவையில்லை, பகலில் ஆளும் இல்லை; காலையில் அந்தப் பெண்கள் கம்பெனி வண்டியில் வந்துவிடுவார்கள். ஐந்து மணிக்குமேல் ஓட ஒளிச் சான்றிதழ் கட்டாயம். அது இல்லாவிட்டால் படகைக் கட்டிப்போட வேண்டியதுதான். அந்தப் பெண்கள் பாலத்தைச் சுற்றி ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டியதுதான்.

சரிங்கண்ணனின் தங்கை புருஷன் வாரியத்தின் மாடியில், பரப்புரைப் பிரிவில் இருந்தார். மாடியில் இருப்பவர்கள் புதிய விஷயங்களை மக்களிடம் எடுத்துச் சொல்வார்கள். கீழே இருப்பவர்கள் பழைய விதியின்படி சோதிப்பார்கள். நடுவில் ஒரு மாடிப்படி உண்டு. அதை யாரும் பயன்படுத்திச் சரிங்கண்ணன் பார்த்ததில்லை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், குண்டு பல்பெல்லாம் இனிமே காட்சிசாலையிலதான். எல்.இ.டி. மாட்டுங்க. சூடு கிடையாது, வருஷக்கணக்கா ஃபியூஸ் போகாது, பாட்டரி குடிக்காது. எஞ்சின் அதிர்வுக்கு அசையாது. தண்ணி தெறிச்சா வெடிக்காது. மொத்தம் பத்து நன்மை, எல்லாம் இதுல இருக்கு."

சரிங்கண்ணனின் மனைவி காபியை வைத்துவிட்டு, "அண்ணே பேசறப்ப ரேடியோ விளம்பரம் மாதிரியே இருக்கு. நிறுத்தத்தான் குமிழ் காணோம்" என்றாள்.

"கிண்டல் பண்ணாத தங்கச்சி. நான் சொல்றது என் சொந்த மச்சானுக்கு. வெளியாளுக்கா சொல்றேன்?"

"சரிங்க மாப்ளே" என்றார் சரிங்கண்ணன்.

அவருக்கு மாப்பிள்ளை பேச்சில் சந்தேகம் வந்ததே இல்லை. தங்கை கல்யாணமான அன்று மாலை, ஆற்றில் தண்ணீர் ஏறிக் கிடந்தபோது, அந்த இருவரை மட்டும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனது இதே படகுதான். மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியாது. வழி முழுக்கச் சரிங்கண்ணனின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

இடது பக்கச் சிவப்பு, வலது பக்கப் பச்சை, பின்பக்க வெள்ளை, கூரைக்கு அடியில் இரண்டு என்று ஐந்து விளக்குகளையும் சரிங்கண்ணன் மாற்றினார். பிரசுரத்தில் சொன்னதெல்லாம் நடந்தது. அதுதான் பிறகு வந்த வினைக்குக் காரணம். முன்பெல்லாம் நாள் தவறாமல் மத்தியானம் பாட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு சார்ஜ் கடைக்குப் போவார். அமிலம் பட்டு அவருடைய எல்லாச் சட்டைக்கும் வலது தோளில் சல்லடை. இப்போது ஐந்து நாளைக்கு ஒரு முறை போனால் போதும். கூரைக்குக் கீழே தலையைச் சுடும் வெக்கை போனது. பல்பைச் சுற்றி மொய்த்துப் பெண்களின் தலைமுடியில் விழும் பூச்சிகளும் குறைந்தன.

காஜா எடுக்கும் வேலையில் இருந்ததால் காஜா அக்கா என்று பெயர் வாங்கிய பெண், நடு ஆற்றில் ஊசியில் நூல் கோத்துக் காட்டினாள்.

"அண்ணே, கம்பெனியைவிட உங்க படகுல கண்ணு நல்லா தெரியுது. மெஷினை இங்க போட்டுட்டா மேனேஜர் மூஞ்சியைப் பார்க்க வேண்டாம்."

"அவரு நீந்தி வந்துடுவாருடீ" என்றாள் இன்னொருத்தி.

வாரியம் ஒரு கூட்டம் போட்டது. இயக்குநர் பேசினார்: "இந்த வாரியம் இருளை எதிர்த்து ஓயாமல் போராடிவருகிறது. நாள்தோறும் மாலை ஐந்து மணி வரை போராடுகிறது. எல்.இ.டி.க்கு மாறிய முதல் படகு இதோ இங்கே நிற்கிறது. இவரைப் பார்த்து மற்றவர்கள் மாற வேண்டும்." மாப்பிள்ளை தன் கையாலேயே படகின் முகப்பில் நீல நிற ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார். 'முதல் எல்.இ.டி. படகு' என்று அதில் இருந்தது. சரிங்கண்ணன் ஒரு வாரம் அந்த இடத்தைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். மற்ற படகுக்காரர்களிடம் அவரே போய் நன்மைகளைச் சொன்னார். மாற்றச் சொன்னார், மாற்ற உதவியும் செய்தார்.

சான்றிதழ் முடிய ஒரு வாரம் இருக்கும்போது தழும்பு சார் சோதனைக்கு வந்தார். ஈரத்துணியால் துடைத்தார். ஐந்து நிமிடம் காத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வலிக்குத் தயாராகிப் பல்லைக் கடித்து, உள்ளங்கையை வைத்தார். பத்து வரை எண்ணினார். ஒன்றும் ஆகவில்லை. திரும்ப எண்ணினார். நாற்பது வரை போனார். அவர் முகம், வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டு இலை போடாமல் விட்டதுபோல் ஆனது.

"என்னய்யா, ஜில்லுன்னு இருக்கு?"

"எரியுதுங்க சார். இப்படிக் குனிஞ்சு, கையால மறைச்சுப் பாருங்க, தெரியும்."

"பார்க்கிறவன் ஏமாறுவான்யா. தொடுறவன் ஏமாற மாட்டான். இருபத்தாறு வருஷம்." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "இந்தக் கைக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

சரிங்கண்ணன் பிரசுரத்தை நீட்டினார். அதில் முதல் நன்மை: 'சூடாவதில்லை.' தழும்பு சார் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "ஆக, சூடாகலைன்னு எழுத்து மூலமாவே ஒத்துக்கறே" என்று குறித்துக்கொண்டார்.

"உங்க வாரியம் அச்சடிச்சதுங்க."

"அது மாடி. நான் கீழ."

அடுத்து, ஆண்டு முழுவதும் விளக்குகளைப் பயன்படுத்தியதற்குச் சான்றாக, ஃபியூஸ் போன பல்பு இரண்டைக் கொடுக்கச் சொன்னார். ஒன்றுகூட ஃபியூஸ் போகவில்லை என்றார் சரிங்கண்ணன். "அப்ப வருஷம் பூரா விளக்கே போடாம ஓட்டியிருக்கே" என்று எழுதிக்கொண்டார் தழும்பு சார். பாட்டரியை அளந்தார். முக்கால் பங்குக்குமேல் இருந்தது. "பாட்டரியையும் தொடலை" என்று எழுதிக்கொண்டார். பிரசுரத்தின் முதல் மூன்று நன்மைகளும் அதே வரிசையில் அறிக்கையின் முதல் மூன்று குற்றங்கள் ஆயின. மீதி ஏழு நன்மைகளை அவர் கேட்கவில்லை. கேட்காதவரைக்கும் நல்லது என்று சரிங்கண்ணனும் சொல்லவில்லை.

வாரியத்தின் வாசலில் ஒரு பெட்டிக்கடை இருந்தது. அங்கே ஃபியூஸ் போன குண்டு பல்புகள் கூடையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. விலை கேட்டார். நல்ல பல்பைவிட ஃபியூஸ் போனது அதிகம்.

"என்னங்க இது அநியாயமா இருக்கு? எரியாத பல்புக்கா?"

"எரியற பல்பு கம்பெனியில செய்யறதுங்க" என்றார் கடைக்காரர். "இது எரிஞ்சு எரிஞ்சு தானா ஆகணும். எவ்வளவு நாள் பிடிக்குது தெரியுமா?"

சரிங்கண்ணன் இரண்டு வாங்கினார். தழும்பு சார் அவற்றைக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு, "பல்பு சரி. ஆனா சூடு? சூடு எங்க?" என்று திருப்பி அனுப்பினார்.

வேறு வழியின்றிச் சரிங்கண்ணன் மாடிக்குப் போனார். இயக்குநர் அறையின் சுவரில் பெரிய பலகை ஒன்று இருந்தது. 'மொத்தப் படகுகள் நூறு. மாறியவை தொண்ணூற்றொன்பது' என்று அதில் எழுதியிருந்தது. மாப்பிள்ளை ஓரமாக நின்று குறிப்பெடுத்தார்.

இயக்குநர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "உங்கள் குறை நியாயமானது" என்றார். "நியாயமானவற்றுக்கென்று இங்கே தனிப் பிரிவு இல்லை. விதி பதினேழை மாற்றலாமே என்கிறீர்கள். மாற்றினால், இத்தனை காலம் நாங்கள் கொடுத்த சான்றிதழ்கள் எல்லாம் அர்த்தமில்லாதவை என்று நாங்களே சொன்னதாகிவிடும். தவிர, சோதனைப் பிரிவினருக்குச் சுடாவிட்டால் படி நின்றுவிடும். அவர்கள் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள்."

"சரிங்க" என்றார் சரிங்கண்ணன். பழக்க தோஷம்.

மாப்பிள்ளை அவரை மாடிப்படி வரைக்கும் கூட்டிவந்து தோளில் கை போட்டார். அமிலத் துளைகளின் மேல்.

"மச்சான், இதுக்கா தலையில கைய வெச்சுக்கிட்டு உக்காருவீங்க? வெள்ளிக்கிழமை காலையில குண்டு பல்பு அஞ்சையும் மாட்டிட்டுத் துறைக்கு வாங்க. தழும்பு சார் கைய வெப்பாரு, சுட்டுப்பாரு, சந்தோஷமாக் கையெழுத்துப் போடுவாரு. சாயங்காலமே கழட்டி எல்.இ.டி.யை மாட்டிக்கங்க. எல்லாரும் அப்படித்தான் ரெண்டு செட்டு வெச்சிருக்காங்க."

"எல்லாருமா?"

"உங்களைத் தவிர."

"எங்கிட்ட ஏன் சொல்லலை மாப்ளே?"

"நீங்க முதல் படகு. உங்ககிட்டப் போயி எப்படிச் சொல்றது? ஒரு கௌரவம் இருக்குல்ல. நான் இருக்கேன், பார்த்துக்கறேன்."

வியாழக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளையே துறைக்கு வந்தார். சரிங்கண்ணன் பரணில் கிடந்த பழைய பல்புகளைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தபோது, அவர் முகப்பில் இருந்த நீல ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார்.

"அதை ஏன் மாப்ளே?"

"ஓரம் கிழிஞ்சிருக்கு மச்சான். அசிங்கமா இருக்கு. புதுசு ஒட்டித் தர்றேன்."

சரிங்கண்ணனின் மனைவி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை போன பிறகு, "கிழிஞ்ச மாதிரி எனக்குத் தெரியலையே" என்றாள்.

"சும்மா இரு. நம்ம வீட்டுப் பிள்ளை."

"அதான் சொல்றேன். நம்ம வீட்டுப் பிள்ளை நகம் அழுக்காகிற வேலை எதையும் இதுவரைக்கும் செஞ்சு நான் பார்த்ததில்லை."

வெள்ளிக்கிழமை காலை துறையில் பந்தல் போட்டிருந்தார்கள். நாற்காலிகள், ஒலிபெருக்கி, ரிப்பன். வேறு யாருக்கோ விழா என்று நினைத்துச் சரிங்கண்ணன் படகை ஓரமாகக் கட்டினார். தழும்பு சார் வந்தார், துடைத்தார், காத்தார், கையை வைத்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நா... ஆ!" துள்ளிக் கையை உதறினார். அவர் கண்ணில் தண்ணீர். அதில் பாதி வலி, பாதி ஆனந்தம். "இதுய்யா விளக்கு!" என்று மற்ற நான்கிலும் சுட்டுக்கொண்டு, ஓராண்டுக்கான சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திச் சரிங்கண்ணனின் கையில் கொடுத்தார்.

சரிங்கண்ணன் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைப்பதற்குள் ஒலிபெருக்கி அலறியது.

"இதோ! எல்.இ.டி.க்கு மாற மறுத்த கடைசிப் படகு!"

குரல் மாப்பிள்ளையுடையது.

நூறு படகும் மாறிவிட்டால் விழாவில் மாற்றுவதற்கு ஒன்றும் இருக்காது என்று, பலகையில் ஒன்றை மிச்சம் வைத்து எழுதியிருந்தார்கள். அந்த ஒரு படகு உண்மையில் எங்கேயும் இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து விருந்தினர்கள் வரும் நாளும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் அப்படி ஒரு படகைக் கொண்டுவந்து நிறுத்துவது யார் பொறுப்பு என்று மாடியில் கேட்டபோது, பொறுப்பேற்றுக்கொண்டது ஒரே ஒரு கை. இதெல்லாம் சரிங்கண்ணனுக்கு அப்போதுதான், நாற்காலியில் இருந்தவர்கள் பேசிக்கொண்டதிலிருந்து ஒவ்வொன்றாகப் புரிந்தது.

இயக்குநர் பேசினார். "பத்து நன்மைகளை நாங்கள் வீடு வீடாகச் சென்று சொன்னோம். இவர் ஒருவர் மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இவர்மேல் எங்களுக்குக் கோபமில்லை. இவரைப் போல் ஒருவர் இல்லாவிட்டால் எங்களைப் போன்றவர்கள் எதற்கு?"

காஜா அக்கா கம்பெனிக்கு நூல் வாங்கப் போகிற வழியில் நின்றுவிட்டிருந்தாள். கூட்டத்திலிருந்து கத்தினாள்: "ஐயா, அதுதாங்க முதல் படகு! ஒரு வருஷமா அந்த வெளிச்சத்துலதான் நாங்க போறோம்!"

"அம்மா," என்றார் இயக்குநர் கனிவாக, "எது முதல், எது கடைசி என்று நேரில் பார்த்தவர்கள் சொன்னால் ஆளுக்கொன்று சொல்வார்கள். அதற்காகத்தான் பதிவேடு."

சரிங்கண்ணன் மேடையைப் பார்த்தார். "மாப்ளே, நீங்க சொல்லித்தானே மாத்தினேன். நீங்க சொல்லுங்க" என்றார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

மாப்பிள்ளை ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தார். "மச்சான், நான் நன்மைகளை எடுத்துச் சொன்னேன். அதான் என் வேலை. அனுபவிங்கன்னு எங்கயாவது எழுதிக் கொடுத்தேனா?"

இயக்குநர் மேடையிலிருந்து இறங்கிவந்து, படமெடுப்பவர்களுக்குச் சிரித்தபடியே, எரிந்துகொண்டிருந்த குண்டு பல்பை வெறுங்கையால் பிடித்துக் கழற்றப் போனார். அவர் போட்ட சத்தத்தில் துறையில் இருந்த பறவைகள் கிளம்பிவிட்டன. தழும்பு சார் களிம்புக் குப்பியோடு ஓடிவந்து, "முதல் தடவை அப்படித்தான் சார் இருக்கும்" என்று தேற்றினார். பலகையில் நூறு என்று எழுதினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள், இயக்குநரைத் தவிர.

குண்டு பல்பு மாட்டிய படகுகளைப் பறிமுதல் செய்யலாம் என்று மாடி அந்த வாரம்தான் ஓர் ஆணை போட்டிருந்தது. மாலை நான்கு மணிக்குக் கிரேன் வந்து படகைத் தூக்கி லாரியில் வைத்தது. கரையில் நின்ற சரிங்கண்ணனின் சட்டைப் பையில் அந்தப் படகு ஓராண்டுக்கு மாலை நேரத்தில் ஓடலாம் என்ற சான்றிதழ் இருந்தது. அன்று ஆறு மணிக்கு முப்பது பெண்களும் துறைக்கு வந்து, வெறும் கயிற்றைப் பார்த்துவிட்டு, பாலத்தைப் பார்த்து நடந்தார்கள். காஜா அக்கா மட்டும் திரும்பி வந்து, "நாளைக்கு வந்துடுவீங்களா அண்ணே?" என்று கேட்டாள். சரிங்கண்ணன் வெறும் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

படகை வாரியத்தின் முற்றத்தில் நான்கு சிமெண்டுக் கட்டைகளின் மேல் ஏற்றி வைத்தார்கள். 'கடைசிக் குண்டு பல்புப் படகு' என்று பித்தளைப் பலகை. பார்க்க வருகிறவர்களுக்காக ஐந்து பல்புகளும் பகலெல்லாம் எரிந்தன. தழும்பு சார் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் போய் ஒரு தடவை கையை வைத்துவிட்டு வருவாராம்.

பத்து நாள் கழித்து மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். பரப்புரைப் பிரிவுக்கு அவர்தான் இப்போது தலைவர். கையில் ஒரு பிஸ்கட் பொட்டலமும் ஒரு நீள உறையும் இருந்தன. சரிங்கண்ணனின் மனைவி காபி போடவில்லை. அடுக்களை வாசலில் நின்றுகொண்டாள்.

"கோபம் இருக்கும் மச்சான். தெரியும். உங்க தங்கச்சியும் நாலு நாளா எங்கூடப் பேசலை. ஆனா நான் உங்களை விட்டுடுவேனா?" உறையைத் திறந்து வைத்தார். "வேலை ஆர்டர். இயக்குநர்கிட்டக் கெஞ்சி வாங்கினேன். நம்ம முற்றத்துல, உங்க படகு பக்கத்துலயே. நிழல்ல நாற்காலி. பார்க்க வர்றவங்ககிட்ட நீங்க சொல்ல வேண்டியது ரெண்டே வரி. 'நான் எல்.இ.டி.க்கு மாற மறுத்தவன். இப்ப வருத்தப்படறேன்.' அவ்வளவுதான். அதிகம் பேசவே வேண்டாம், உங்க சுபாவத்துக்கு ஏத்த வேலை. உங்களை வெளியில தலை காட்ட முடியாம பண்ணிட்டேனேன்னு எனக்கும் நெஞ்சு எரியுது மச்சான். சத்தியமா எரியுது. சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

சரிங்கண்ணன் எழுந்தார். தோளில் கிடந்த துண்டின் நுனியைச் செம்பிலிருந்த தண்ணீரில் நனைத்தார். மாப்பிள்ளையின் சட்டைப் பைமேல், பேனாவுக்குக் கீழே, மெதுவாகத் துடைத்தார். காபி ஏதும் சிந்தியிருக்கிறதோ என்று மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். காபியே வரவில்லை என்பது அவருக்குப் பிறகுதான் நினைவு வந்தது.

சரிங்கண்ணன் வலது உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்தார்.

"ஒண்ணு" என்றார்.

மாப்பிள்ளை சமாதானமாகிவிட்டது என்று நினைத்துச் சிரித்தார். ஐந்து வரும்போது சிரிப்பு நின்றது. ஏழில் அடுக்களை வாசலைப் பார்த்தார். அங்கிருந்தும் யாரோ கூடவே எண்ணுவது கேட்டது.

பத்து முடியும் வரை, கையை எடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை.